ஊட்டிக் குளிரில் வெப்பப் பாடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் ஒன்பதாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. பாடப்புத்தகம் கடல் மட்டத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நாம் இருப்பது 2,240 மீட்டர் உயரத்தில். புத்தகத்தில் படித்ததும் அடுப்படியில் பார்த்ததும் ஒத்துப்போகாத இடத்தில் சந்தேகம் முளைக்கிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், வம்பானவை பின்னால். எந்தக் கேள்வியானாலும் வெப்பம் எங்கிருந்து கிளம்புகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று முதலில் பாருங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வெப்பம், வெப்பநிலை இரண்டும் ஒன்றுதானே சார்? எதற்கு இரண்டு பெயர்?

ஒன்றல்ல. கம்பி மத்தாப்பிலிருந்து தெறிக்கும் பொறியின் வெப்பநிலை 1,000 டிகிரியைத் தொடும். அது கையில் விழுந்தால் சுருக்கென்று ஒரு நொடி, அவ்வளவுதான். 70 டிகிரித் தண்ணீர் ஒரு குவளை கையில் கொட்டினால் தோல் வெந்துவிடும். பொறிக்கு வெப்பநிலை அதிகம், ஆனால் எடை மில்லிகிராம் கணக்கு. அதனால் அது கைக்குக் கொடுக்கக்கூடிய வெப்பம் மிகக் குறைவு.

வெப்பநிலை என்பது துகள்களின் சராசரி இயக்க ஆற்றலைக் காட்டும் அளவு. அதை டிகிரியில் சொல்கிறோம். வெப்பம் என்பது சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் பாயும் ஆற்றல். அதை ஜூலில் சொல்கிறோம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 ஜூல் வேண்டும். காலையில் 15 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் வாளித் தண்ணீரைக் குளிக்கிற பதமான 45 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 19 லட்சம் ஜூல். இரண்டு கிலோவாட் கீசருக்கு இது கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமான வேலை. குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துப் பொறுமையாக இருக்கலாம்.

இரும்பு கேட்டும் மரக்கதவும் ராத்திரி முழுக்க ஒரே குளிரில்தான் இருந்தன. கேட்டைத் தொட்டால் மட்டும் ஏன் கை வெடவெடக்கிறது?

இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். வேறுபடுவது உங்கள் கையிலிருந்து வெப்பம் போகும் வேகம். இரும்பு, தொட்ட இடத்து வெப்பத்தை உடனே உள்ளே கடத்திவிடுகிறது, கை தொடர்ந்து இழந்துகொண்டே இருக்கிறது. மரத்தில் தொட்ட இடம் மட்டும் சூடேறி நின்றுவிடும். விரல் உணர்வது கதவின் வெப்பநிலையை அல்ல, தோல் இழக்கும் வெப்பத்தை. எனவே கையை வெப்பநிலைமானி என்று நம்பாதீர்கள்.

கம்பளி போர்த்தினால் சூடாகிறது. அப்படியானால் கம்பளிக்குள் வெப்பம் இருக்கிறதா?

கம்பளிக்குள் இருப்பது காற்று. நூலிழைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட காற்று நகர முடியாததால் வெப்பச் சலனம் நடக்காது. காற்று தானாகவே மட்டமான கடத்தி. உங்கள் உடம்பு உண்டாக்கும் வெப்பத்தை வெளியே விடாமல் கம்பளி தடுக்கிறது. நம்பாதவர்கள் ஒரு பனிக்கட்டியைக் கம்பளியில் சுற்றி வையுங்கள், இன்னொன்றைத் திறந்த தட்டில் வையுங்கள். சுற்றியதுதான் பிந்தி உருகும். கம்பளிக்கு உள்ளே வெளியே என்ற பாகுபாடு கிடையாது, இரு பக்கமும் தடைதான். இந்த வரியை நினைவில் வையுங்கள், கேஸ் சிலிண்டர் கேள்வியில் வேண்டும்.

தோடர்களின் அரைப்பீப்பாய் வடிவக் குடிசை இதே கொள்கைதான். தடித்த புல்வேய்ந்த கூரை முழுக்க அசையாத காற்று. குனிந்து தவழ்ந்துதான் நுழைய வேண்டிய சிறிய வாசல், உள்ளேயிருக்கும் சூடான காற்று கொட்டிப்போகாமல் பார்த்துக்கொள்கிறது.

மலை சூரியனுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? பிறகு ஏன் மேட்டுப்பாளையத்தைவிடக் குளிர்?

சூரியன் ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதில் நாம் ஏறி வந்தது இரண்டு கிலோமீட்டர். அந்த நெருக்கத்துக்கு மதிப்பே இல்லை.

காற்றைச் சூடாக்குவது பெரும்பாலும் வெயிலல்ல, வெயிலில் காய்ந்த தரை. சூடான காற்று மேலே எழும்போது அழுத்தம் குறைவதால் விரிகிறது. விரிவதற்கு ஆற்றல் வேண்டும், அதைத் தன் கையிருப்பிலிருந்தே செலவழித்துக் குளிர்கிறது. சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரி வித்தியாசம் வருவது இதனால்தான்.

ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுகிறது என்கிறார்கள். அப்படியானால் இங்கே சமையல் சீக்கிரம் முடிய வேண்டாமா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கொதித்தல் என்றால் என்ன என்பதில் தொடங்குவோம். தண்ணீருக்கு எந்த வெப்பநிலையிலும் ஓர் ஆவி அழுத்தம், அதாவது அதிலிருந்து எழும் ஆவி தரும் அழுத்தம், உண்டு. சூடேறச் சூடேற அது ஏறும். அது வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டும்போது தண்ணீருக்கு உள்ளேயே நீராவிக் குமிழ்கள் உருவாகி, நசுங்காமல் மேலே வருகின்றன. அதுதான் கொதிநிலை. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல், கொதிநிலை 100 டிகிரி. ஊட்டியில் அழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல்தான், அதனால் ஏறக்குறைய 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குன்னூரில் சுமார் 94. தொட்டபெட்டா உச்சியில் 91.

இப்போது சமையலுக்கு வருவோம். பருப்பை வேகவைப்பது குமிழ் அல்ல, வெப்பநிலை. கொதிக்கத் தொடங்கிய பிறகு, திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92-ஐத் தாண்டாது. வேதிவினைகளின் வேகம் பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது ஒரு தோராய விதி. எட்டு டிகிரி குறைந்தால் வேகும் நேரம் கணிசமாக நீளும். சோறு எப்படியோ வெந்துவிடும், ஏனென்றால் அரிசியின் ஸ்டார்ச் எழுபது டிகிரிக்கு அருகிலேயே நீரை உறிஞ்சிக் குழையத் தொடங்குகிறது. துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும்தான் அடம் பிடிக்கும்.

இன்னொன்று. கொதிக்கும் நிலைக்காவது இங்கே சீக்கிரம் வருமா என்றால், அதுவும் உறுதியில்லை. மேட்டுப்பாளையத்தில் குழாய்த் தண்ணீர் 27 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அங்கே 99-க்குப் போக 72 டிகிரி ஏற வேண்டும். நம் குழாய்த் தண்ணீர் 15 டிகிரி, 92-க்குப் போக 77 டிகிரி ஏற வேண்டும். குளிர் நம் சலுகையைப் பிடுங்கிக்கொள்கிறது.

தீயைக் கூட்டி வைத்தால் 92-ஐத் தாண்டாதா?

தாண்டாது. கூடுதல் வெப்பம் முழுவதும் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். இதுதான் ஆவியாதலின் உள்ளுறை வெப்பம், கிராமுக்கு சுமார் 2,260 ஜூல். ஒரு லிட்டரை 15-லிருந்து 92-க்கு ஏற்ற ஏறக்குறைய 3.2 லட்சம் ஜூல் போதும். அதே லிட்டரை முழுதும் ஆவியாக்க அதைப்போல் ஏழு மடங்கு வேண்டும். தளதளவென்று கொதிப்பதும் மெல்லக் கொதிப்பதும் ஒரே வெப்பநிலைதான். கேஸ்தான் வீண்.

வெப்பம் தொடர்ந்து போனாலும் வெப்பநிலை அசையாமல் நிற்கிறது என்பதை 1760-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் தெளிவாகக் காட்டினார். அவருக்கு முன்பு வரை, உருகுநிலைக்கு வந்த பனிக்கட்டி இன்னும் சிறிது வெப்பம் கிடைத்தவுடன் சட்டென்று தண்ணீராகிவிடும் என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

உப்புப் போட்டால் கொதிநிலை ஏறும் என்று புத்தகத்தில் இருக்கிறதே?

ஏறும். ஒரு லிட்டருக்கு 58 கிராம் உப்புப் போட்டால் ஒரே ஒரு டிகிரி. அந்தப் பருப்பை யாரும் வாயில் வைக்க முடியாது.

குக்கர் மட்டும் எப்படி? குக்கருக்கு மலை தெரியாதா?

தெரியும். குக்கரின் வெயிட், வெளி அழுத்தத்துக்கு மேல் சுமார் 100 கிலோபாஸ்கல் சேரும்போது தூக்கிக்கொண்டு விசிலடிக்கும். சமவெளியில் உள்ளே மொத்தம் 200, அதற்குரிய கொதிநிலை ஏறக்குறைய 120 டிகிரி. இங்கே 77-உம் 100-உம் சேர்ந்து 177, அதற்குரிய கொதிநிலை 116 டிகிரி. நாலு டிகிரிதான் நஷ்டம். அதனால்தான் கோயம்புத்தூர் உறவினர் மூன்று விசிலில் இறக்கும் பருப்புக்கு இங்கே ஒன்றிரண்டு விசில் கூடுதலாக வைக்கிறோம். திறந்த பாத்திரத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய லாபம்.

பரீட்சையில் தண்ணீரின் கொதிநிலை என்ன என்று கேட்டால் 92 என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். '1 வளிமண்டல அழுத்தத்தில் 100 டிகிரி செல்சியஸ்' என்று எழுதுங்கள். அழுத்தத்தைச் சேர்த்து எழுதினால் விடை எல்லா ஊருக்கும் சரி. ஐந்து மதிப்பெண் கேள்வியாக இருந்தால் உயரத்தோடு குறைவதையும் காரணத்தோடு எழுதலாம்.

92 டிகிரியில் கொதித்த தண்ணீரைக் குடிக்கலாமா? கிருமி சாகுமா?

குடிக்கலாம். நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை 70 டிகிரியைத் தாண்டினாலே வேகமாக அழியத் தொடங்கும். ஆனாலும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் வாழ்பவர்களுக்கு ஒரு நிமிடத்துக்குப் பதில் மூன்று நிமிடம் கொதிக்க விடச் சொல்கிறது. ஊட்டி அந்தக் கோட்டுக்கு மேலே, குன்னூர் சற்றுக் கீழே. மூன்று நிமிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

கொதிநீர் பட்டதைவிட ஆவி பட்டால் ஏன் அதிகம் புண்ணாகிறது? இரண்டும் ஒரே டிகிரிதானே?

ஒரே டிகிரிதான். ஆனால் ஆவி தோலில் பட்டதும் முதலில் தண்ணீராக மாறுகிறது. அப்போது தான் வாங்கி வைத்திருந்த 2,260 ஜூலை ஒவ்வொரு கிராமுக்கும் அப்படியே இறக்கிவிடுகிறது. 100 டிகிரித் தண்ணீர் ஒரு கிராம், உடம்பின் 37 டிகிரிக்கு இறங்க வெறும் 263 ஜூல்தான் தரும். ஆவி இரண்டையும் சேர்த்துத் தருகிறது, ஏறக்குறைய பத்து மடங்கு.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயிலைத் தள்ளும் நீராவி எஞ்சின் வழியில் நின்று நின்று தண்ணீர் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு தண்ணீரும் ஆவியாகிப் போகிறது. புகைபோக்கியருகே பார்க்கும் வெண்மேகம் நீராவி அல்ல, நீராவி குளிர்ந்து உண்டான நுண்துளிகள். உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் கெட்டிலின் மூக்கை உற்றுப் பாருங்கள். மூக்கின் நுனிக்கும் வெண்புகை தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஒரு விரற்கடை அளவு ஒன்றுமே இல்லாதது போல் இருக்கும். அங்கேதான் கையை வைக்கக்கூடாது.

வெப்பநிலைமானி 3 டிகிரி காட்டுகிறது. பிறகு எப்படிப் புல்லில் உறைபனி?

மானி வைக்கப்பட்டிருப்பது தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், கூண்டுக்குள். அது காட்டுவது காற்றின் வெப்பநிலை. புல்லின் கதை வேறு. மேகமில்லாத இரவில் புல் வானத்தை நோக்கிக் கதிர்வீச்சாக வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கிறது. வானத்திலிருந்து திரும்பி வருவதோ கொஞ்சம். புல் மெல்லியது, கையிருப்பு வெப்பம் குறைவு, தரையிலிருந்தும் அதற்குச் சரியாக ஏறி வராது. அதனால் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட நாலைந்து டிகிரி கீழே போய்விடும். பூஜ்யத்துக்குக் கீழே போன இலையில் காற்றின் ஈரம் நேரடியாகப் பனிப்படிகமாகப் படிகிறது.

காரின் கூரையிலும் இதே கதைதான். திறந்தவெளியில் நிறுத்திய காரில் வெள்ளையாகப் படிந்திருக்கும், பக்கத்திலேயே ஷெட்டுக்குள் நின்ற காரில் ஒன்றும் இருக்காது. இரண்டையும் சூழ்ந்த காற்று ஒன்றே. ஷெட்டின் கூரை வானத்தை மறைத்துவிட்டது, அவ்வளவுதான். மேகம் சூழ்ந்த இரவில் உறைபனி விழாததற்கும் காரணம் அதுவே. மேகம் தன் பங்குக்கு வெப்பக் கதிர்களைக் கீழே அனுப்புகிறது.

பள்ளமான இடத்தில் ஏன் அதிகம் என்றும் கேட்பார்கள். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கித் தாழ்வில் தேங்கும். தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என்று ஒவ்வொரு வருடமும் செய்தியில் அதே பெயர்கள் வருவது தற்செயல் அல்ல. மேட்டில் இருக்கும் தோட்டம் தப்பிவிடும்.

உறைபனியிலிருந்து தேயிலையைக் காப்பாற்றத் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஏற்கெனவே குளிர், அதில் தண்ணீரா?

கேட்பதற்கு விபரீதமாக இருக்கும், ஆனால் கணக்கு சரி. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 334 ஜூல் வெளிவிடுகிறது. தெளிக்கும் தண்ணீர் இலைமேல் உறைந்துகொண்டே இருக்கும் வரை இலையின் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். இலைச் செல்லுக்குள் இருப்பது வெறும் தண்ணீர் அல்ல, கரைசல். அது பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேதான் உறையும். அந்தச் சிறு இடைவெளியில் இலை பிழைத்துக்கொள்கிறது. உள்ளே உறைந்தால்தான் செல் சிதைந்து, வெயில் வந்ததும் இலை கருகும்.

ஆனால் அரைகுறையாகத் தெளிப்பது தெளிக்காமல் இருப்பதைவிட மோசம். பூஜ்யத்தில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 2,500 ஜூலை எடுத்துக்கொண்டு போகும். உறைதல் நின்று ஆவியாதல் மட்டும் நடந்தால் இலை இன்னும் குளிரும். தெளிக்கத் தொடங்கினால் வெயில் ஏறிப் பனி உருகும் வரை நிறுத்தக்கூடாது. நாற்றங்காலுக்கு மிலாறுச் செடி, தென்னங்கீற்று போட்டு மூடுவது ஷெட் செய்கிற வேலையைச் செய்கிறது, செலவும் குறைவு.

குளிர்காலத்தில் கேஸ் சரியாக வருவதில்லை. சிலிண்டருக்குச் சாக்குச் சுற்றி வைத்தால் சூடாக இருக்குமா?

கம்பளிக் கேள்விக்குத் திரும்பிப் போங்கள். சாக்கு வெப்பத்தை உண்டாக்காது, போக்குவரத்தைத்தான் தடுக்கும். இங்கே அது எதிர்த்திசையில் வேலை செய்யும்.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம், புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அடுப்பைத் திறந்ததும் உள்ளே திரவம் கொதித்து வாயுவாகிறது. அதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பம் சிலிண்டரின் சுவர் வழியாக அறைக் காற்றிலிருந்து வர வேண்டும். வெகுநேரம் எரித்த பிறகு சிலிண்டரின் அடிப்பகுதியில் வியர்த்தது போல் ஈரம் படிந்து, ஒரு மட்டத்தில் கோடு போட்டதுபோல் நின்றிருக்கும். அந்தக் கோடுதான் உள்ளே திரவத்தின் மட்டம், அங்கேதான் வெப்பம் உறிஞ்சப்படுகிறது. சாக்குச் சுற்றினால் வர வேண்டிய வெப்பத்தை நீங்களே மறிக்கிறீர்கள்.

புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி, அது எந்தக் குளிரிலும் வெளியே வரும். பியூட்டேனுடையது மைனஸ் அரை டிகிரி. உறைபனி இரவில் வராந்தாவில் நிற்கும் சிலிண்டரில் பியூட்டேன் சோம்பிப் படுத்துவிடும். முதலில் புரொப்பேன் அதிகமாகத் தீர்ந்துவிடுவதால் சிலிண்டர் தீரும் தறுவாயில் தொல்லை கூடும். காற்றோட்டமுள்ள, அவ்வளவு குளிராத இடத்தில் நிறுத்துவதே வழி. வெந்நீரில் உட்காரவைப்பது, அடுப்பருகே தள்ளி வைப்பது எல்லாம் உயிரோடு விளையாட்டு.

நன்றாகக் கனிந்த கரியில் புகையே இல்லை. அதை அறைக்குள் வைத்துத் தூங்கினால் என்ன ஆபத்து?

சாவுதான் ஆபத்து. இதைச் சுற்றிவளைத்துச் சொல்லப் போவதில்லை. குளிர்காலத்தில் மலையூர் விடுதிகளில் இப்படிச் செய்து தூக்கத்திலேயே போனவர்களைப் பற்றிச் செய்தி வருகிறது.

கரி போதிய ஆக்சிஜனில் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு. போதாத ஆக்சிஜனில் கார்பன் மோனாக்சைடு. கங்குக் குவியலின் அடியில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடும் மேலே வரும் வழியில் சூடான கரியைத் தொட்டு மோனாக்சைடாக மாறிவிடும். இதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். புகை இருந்தாலாவது இருமி எழுந்துவிடுவோம். புகையில்லாத கரிதான் நம்மை ஏமாற்றுகிறது. இந்த உயரத்தில் மூச்சுக்கு வரும் ஆக்சிஜனே கடல் மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலில் விரலளவு இடைவெளி விட்டால் போதுமா என்பார்கள். போதாது. கரி அடுப்பு வெளியே, தூங்குவது உள்ளே. யாருக்காவது தலைவலி, குமட்டல், மயக்கம் என்றால் உடனே திறந்தவெளிக்குத் தூக்கிக்கொண்டு போய் 108-ஐ அழையுங்கள்.

சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கிறது, யூரியாவைக் கரைத்தால் வாளி ஜில்லிடுகிறது. தண்ணீர் ஒன்றுதானே?

சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது கால்சியம் ஆக்சைடு, கால்சியம் ஹைட்ராக்சைடாக மாறுகிறது. இது வெப்ப உமிழ் வினை, 56 கிராமுக்கு சுமார் 65 கிலோஜூல். ஒரு கிலோ முழுமையாக நீறினால் வரும் வெப்பத்தில் ஊட்டித் தண்ணீர் மூன்று லிட்டருக்கு மேல் கொதித்துவிடும். அதனால்தான் நீற்றும்போது எட்டி நிற்கச் சொல்வது. அடர் கந்தக அமிலத்தையும் இதே காரணத்துக்காகத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை விடக்கூடாது.

யூரியாவின் படிகத்தைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றல், அதன் மூலக்கூறுகள் தண்ணீரோடு சேரும்போது கிடைக்கும் ஆற்றலைவிட அதிகம். பற்றாக்குறையைத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டரில் 100 கிராம் கரைத்தால் ஐந்தாறு டிகிரி இறங்கும். கேரட் தோட்டத்துக்கு அடிக்க அதிகாலையில் கலக்குபவர்கள் விரல் மரத்துப்போவதாகச் சொல்வது மிகையல்ல. குச்சியால் கலக்குங்கள்.

வெப்பம் இல்லாமலே வேதிவினை நடக்குமா?

நடக்கும். வினையைக் கிளப்பும் ஆற்றல் ஒளியாகவும் வரலாம். 1960-இல் ஊட்டியில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை தயாரித்த பிலிமெல்லாம் அதை நம்பியதுதான். ஜெலட்டினில் பரவியிருக்கும் வெள்ளி புரோமைடு துகள் ஒளி பட்டதும் சிதையத் தொடங்கும்.

அணுக்களுக்கு இடையேயான பிணைப்பு உடையும்போதுதானே ஆற்றல் வெளிவருகிறது?

இல்லை. பதினொன்றாம் வகுப்பில் பாதிப்பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள். பிணைப்பை உடைப்பது எப்போதும் செலவு, பிணைப்பு உண்டாவது எப்போதும் வரவு. வரவு மிஞ்சினால் வெப்ப உமிழ் வினை, செலவு மிஞ்சினால் வெப்பம் கொள் வினை.

ஹைட்ரஜனும் குளோரினும் சேர்வதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மோல் ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க 436 கிலோஜூல், குளோரினுக்கு 242, மொத்தச் செலவு 678. இரண்டு மோல் ஹைட்ரஜன் குளோரைடு உண்டாகும்போது 431 வீதம் 862 வரவு. மிச்சம் 184 கிலோஜூல் வெளியே வருகிறது. யூரியா எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

அரவங்காட்டில் வெடிமருந்து செய்கிறார்களே, ஒரு கிலோ விறகைவிட ஒரு கிலோ வெடிமருந்தில் ஆற்றல் எத்தனை மடங்கு அதிகம்?

அதிகமே இல்லை, குறைவு. நன்றாக உலர்ந்த விறகு கிலோவுக்கு சுமார் 16 மெகாஜூல் தரும். டி.என்.டி. என்ற வெடிமருந்து கிலோவுக்கு 4.2 மெகாஜூல் என்று கணக்கு வைக்கிறார்கள். அரவங்காட்டுத் தொழிற்சாலைக்குப் பெயர் தந்த கார்டைட்டும் ஏறக்குறைய அதே வரிசைதான். விறகு தனக்கு வேண்டிய ஆக்சிஜனை வெளிக்காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது, அதன் எடையை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. வெடிமருந்து தன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்து நிற்கிறது. காற்றுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாததால் எல்லாம் நொடியின் சிறு பகுதியில் முடிந்துவிடுகிறது. அடுப்பு மணிக்கணக்கில் தருவதை அது ஒரே கணத்தில் தருகிறது. ஆற்றலின் அளவு வேறு, அது வெளிப்படும் வேகம் வேறு.

நீலகிரித் தைலத்தின் கொதிநிலை 176 டிகிரி என்று படித்தேன். தைலம் காய்ச்சும் கொப்பரையில் தண்ணீர்தானே கொதிக்கிறது? 92 டிகிரியில் அது எப்படி ஆவியாகி வருகிறது?

நல்ல கேள்வி, இதைக் கேட்ட பிள்ளைக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். தைலத்தின் முக்கியப் பொருளான சினியோல் தனியாக இருந்தால் 176 டிகிரியில்தான் கொதிக்கும். ஆனால் தைலமும் தண்ணீரும் கலப்பதில்லை. கலக்காத இரண்டு திரவங்கள் ஒன்றாகச் சூடேறும்போது, ஒன்று மற்றதைக் கண்டுகொள்ளாமல் தன் முழு ஆவி அழுத்தத்தையும் கொடுக்கும். இரண்டின் கூட்டுத்தொகை வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டினால் போதும், கொதித்துவிடும். கொதிநிலைக்கு நாம் மேலே சொன்ன வரையறை அப்படியே இருக்கிறது, ஆவி தரும் ஆள்தான் இரண்டாகிவிட்டது. கரைசலின் ஆவி அழுத்தத்தைச் சொல்லும் ரௌல்ட் விதியை இதற்குள் கொண்டுவராதீர்கள், அது கலந்து கரைந்தவற்றுக்கு.

ஊட்டியில் எட்ட வேண்டியது 77 கிலோபாஸ்கல். 90 டிகிரியில் தண்ணீர் மட்டுமே 70 தந்துவிடுகிறது, மீதியைத் தைலம் தருகிறது. எனவே கலவை, தனித் தண்ணீரின் கொதிநிலைக்கும் சற்றுக் கீழேயே கொதித்து எழும். ஆவியில் சினியோல் மூலக்கூறுகள் எண்ணிக்கையில் குறைவுதான், ஆனால் ஒவ்வொன்றும் நீர் மூலக்கூறைவிட எட்டரை மடங்கு எடை. அதனால் எடைக்கணக்கில் நல்ல பங்கு வந்து சேர்கிறது. குழாயில் குளிர்ந்து இறங்கியதும் தைலம் மேலே மிதக்கும், அடியில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுவார்கள். இலையை நேரடியாக 176 டிகிரிக்குக் காய்ச்சினால் இலையும் தீயும், தைலத்திலும் தீய்ந்த வாடை ஏறும். தண்ணீரின் துணையோடு அந்தச் சூட்டைப் பார்க்காமலே வெளியே வந்துவிடுகிறது. காய்ச்சி முடித்த பழைய இலையைக் காயவைத்து அடுத்த கொப்பரைக்கு எரிக்கிறார்கள், அதனால் விறகுச் செலவும் குறைகிறது.